மாலை வகுப்பு எடுக்க வருபவருக்குப் போலீஸ் சரிபார்ப்பு: சட்டம் சொல்வதும் சொல்லாததும்

நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளை பள்ளி விட்டு வரும் நேரமும் தாய் வேலை முடிந்து வரும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. கொழுந்தை எடை போட்டு, சாக்கை இறக்கி வைத்துவிட்டு, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டுக்கு ஏறி வரும்போது இருட்டத் தொடங்கிவிடும். இந்த இடைவெளியில் பிள்ளைகளை உட்கார வைத்துப் படிக்க வைப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். சிலர் அதே லைனில் பிறந்து கல்லூரி முடித்தவர்கள். சிலர் சனிக்கிழமை காலை கோயம்புத்தூரிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வந்து, ஞாயிறு மாலை பஸ்ஸில் இறங்கிப் போகிறவர்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் பழங்குடி ஊர்களிலும் இதே ஏற்பாடுதான்.

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில், என்.சி.சி. முகாம் என்ற பெயரில் நடந்த போலி முகாமில் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். முகாம் நடத்தியவர்களுக்கும் என்.சி.சி. அமைப்புக்கும் தொடர்பே இல்லை என்று பிறகு தெரிந்தது. பள்ளி நிர்வாகத்தைச் சேர்ந்தவர்களும் கைதானார்கள். அதன் பிறகு, வெளியிலிருந்து வந்து பிள்ளைகளோடு பழகுகிறவரை யார் விசாரிப்பது என்ற கேள்வி மலையிலும் எழுந்திருக்கிறது. சம்பளம் வாங்காதவருக்கு இது பொருந்தாது என்கிறார் ஒருவர். எல்லாருக்கும் கட்டாயம் என்கிறார் இன்னொருவர். சான்று வாங்கியாகிவிட்டது, இனிக் கவலையில்லை என்று சொல்பவரும் உண்டு. மூன்று பேச்சிலும் பாதிதான் சரி.

சரிபார்ப்பு என்றால் என்ன?

போலீஸ் வெரிஃபிகேஷன் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் மூன்று வேலைகள் இருக்கின்றன.

1. அடையாளம்: இவர் சொல்லும் பெயர் இவருடையதுதானா?
2. முகவரி: சொன்ன இடத்தில் குடியிருக்கிறாரா, எத்தனை காலமாக?
3. வழக்கு: இவர் பெயரில் காவல்துறைப் பதிவேட்டில் ஏதாவது இருக்கிறதா?

பெரும்பாலோர் மூன்றாவதை மட்டும் நினைக்கிறார்கள். கிருஷ்ணகிரியில் கைகொடுத்திருக்கக்கூடியது முதல் வேலையின் நீட்சி: “இந்த அமைப்பின் ஆள் என்று சொல்கிறாரே, உண்மையா” என்று அந்த அமைப்பிடமே கேட்பது. அதற்குக் காவல் நிலையம் போக வேண்டாம், ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அதுவும் அவர் கொடுக்கும் எண்ணுக்கு அழைக்கக் கூடாது. அமைப்பின் அலுவலக எண்ணை நாமே தேடி எடுத்து அழைக்க வேண்டும்.

வழக்கு என்ற சொல்லையும் பிரித்துப் பார்க்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். என்பது புகாரின் முதல் பதிவு. குற்றப்பத்திரிகை என்பது விசாரணை முடிந்து போலீஸ் நீதிமன்றத்தில் வைப்பது. தண்டனை என்பது நீதிமன்றத்தின் முடிவு. விடுதலையும் நீதிமன்றத்தின் முடிவுதான். இந்த நான்கும் ஒன்றல்ல. சரிபார்ப்பு அறிக்கை கையில் வரும்போது, அதில் இருப்பது இவற்றில் எது என்று தெரிந்து படிக்க வேண்டும்.

சட்டத்தில் ஒரு சொல்

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. 18 வயது நிறையாத எல்லாரும் இந்தச் சட்டத்தின்படி குழந்தைகள். பின்னணிச் சரிபார்ப்பு பற்றிய கட்டளை சட்டத்துக்குள் இல்லை, 2020 மார்ச்சில் வந்த போக்சோ விதிகளில் இருக்கிறது. குழந்தைகள் தங்கும் இடமோ, குழந்தைகளோடு அடிக்கடி தொடர்புள்ள நிறுவனமோ, அது பள்ளி, காப்பகம், விளையாட்டுப் பயிற்சி மையம் எதுவானாலும், குழந்தையோடு தொடர்புக்கு வரும் ஊழியர் ஒவ்வொருவருக்கும் போலீஸ் சரிபார்ப்பும் பின்னணி விசாரணையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் செய்ய வேண்டும் என்கிறது 3-ஆம் விதி. ஆசிரியரா இல்லையா, நிரந்தரமா ஒப்பந்தமா என்ற வேறுபாடு கிடையாது.

இங்கேதான் சிக்கல். ஊழியர்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, “நிறுவனத்தின் பணியாளராக உள்ள வேறு எவரும்” என்ற பொருளில் விதி முடிகிறது. தன்னார்வலர் என்ற சொல் அதில் இல்லை. சம்பளமில்லாமல் வருகிறவர் பணியாளரா? எழுத்தை மட்டும் பிடித்தால் இல்லை என்று வாதாடலாம். ஊக்கத்தொகை வாங்குபவர் நடுவில் நிற்கிறார். 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையோடு மாலை வகுப்பு எடுத்தார்கள். பெயர் தன்னார்வலர்தான், ஆனால் பிள்ளைக்கு அவர் டீச்சர்.

அதே சட்டத்தின் தண்டனைப் பகுதியைப் படித்தால் வேறு பார்வை தெரிகிறது. குழந்தையின் மீது நம்பிக்கைக்குரிய நிலையிலோ அதிகாரம் செலுத்தும் நிலையிலோ இருப்பவர் குற்றம் செய்தால், 5-ஆம் பிரிவும் 9-ஆம் பிரிவும் அதை மோசமான வகைக் குற்றமாக எடுத்துக்கொண்டு தண்டனையைக் கூட்டுகின்றன. அங்கே சம்பளம் பற்றிய பேச்சே இல்லை. குற்றம் நடந்த பிறகு தன்னார்வலரை நம்பிக்கைக்குரியவராகப் பார்க்கும் சட்டத்தின் விதி, குற்றம் நடக்கும் முன்பு விசாரிக்கச் சொல்லும் இடத்தில் அவர் பெயரைச் சொல்லவில்லை. இது விதியை எழுதியதில் உள்ள ஓட்டை. அதைக் காரணமாகக் காட்டி மாலை வகுப்பு நடத்துபவர் விலகிக்கொள்வது நியாயமில்லை. ‘அண்ணா’ என்று கூப்பிடும் பிள்ளைக்கு அந்த அண்ணாவின் சம்பளப் பட்டியல் தெரியாது.

விதியின் அடுத்த பகுதி இன்னும் தெளிவு. குழந்தைகளுக்கு எதிரான வன்முறையைத் துளியும் பொறுக்காத ஒரு குழந்தைப் பாதுகாப்புக் கொள்கையை அரசு வகுக்க வேண்டும், குழந்தைகளோடு வேலை செய்யும் எல்லா நிறுவனங்களும் அமைப்புகளும் அதை ஏற்க வேண்டும் என்று அது சொல்கிறது. இங்கே பணியாளர் என்ற வரம்பு இல்லை. பதிவு செய்யாத சிறு மையமும் குழந்தைகளோடு வேலை செய்யும் அமைப்புதான்.

மலையில் கூடும் சிரமங்கள்

சமவெளி ஊரில் பக்கத்துத் தெருக்காரரை விசாரிப்பது போல இங்கே முடியாது. காரணங்கள் மூன்று.

1. கூடலூரிலிருந்து ஒரு சாலை மைசூருக்கும், ஒன்று சுல்தான் பத்தேரிக்கும், ஒன்று நாடுகாணி வழியாக நிலம்பூருக்கும் போகிறது. ஒருவர் வயநாட்டில் படித்து, குண்டல்பேட்டையில் வேலை பார்த்து, பந்தலூரில் வகுப்பெடுக்க வரலாம். குற்றப் பதிவேடுகளை இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். வலையமைப்பு நாடு முழுவதற்குமானது என்றாலும், சரிபார்ப்புச் சேவையை ஒவ்வொரு மாநிலக் காவல்துறையும் தனித்தனியாகத்தான் நடத்துகிறது. ஆகவே மையம் கேட்க வேண்டியது, “கடந்த ஐந்தாறு ஆண்டில் எங்கெல்லாம் குடியிருந்தீர்கள்?” என்பது. கேரளத்தில் நான்கு ஆண்டு இருந்தவர் தமிழ்நாட்டுச் சான்றை மட்டும் கொடுத்தால், அந்த நான்கு ஆண்டு காலியாகவே இருக்கிறது.

2. வார இறுதியில் வருபவரின் வீடு ஊட்டியிலோ கோத்தகிரியிலோ இல்லை. அவரைப் பற்றி இங்குள்ள காவல் நிலையத்துக்கு எதுவும் தெரியாது. சரிபார்ப்பு அவர் குடியிருக்கும் ஊரில்தான் நடக்க வேண்டும். மலைக்கு வந்த பிறகு தொடங்கினால் காலம் கடந்துவிடும்.

3. உள்ளூர் இளைஞருக்கு நேர் எதிரான சிக்கல். எஸ்டேட் லைன் வீடு அவர் பெயரில் இருக்காது, அப்பாவோ அம்மாவோ வேலையை விட்டால் வீடும் போகும். ரேஷன் அட்டையில் ஒரு முகவரி, ஆதாரில் வேறொன்று என்று இருப்பது இங்கே சாதாரணம். முகவரி பொருந்தவில்லை என்பதற்காக அவரைச் சந்தேகப்படுவது அநியாயம். தோட்ட அலுவலகத்தின் கடிதமோ ஊர்த் தலைவரின் கடிதமோ கூடவே வைத்து விண்ணப்பிக்கச் சொல்லலாம்.

தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் வேலைக்கு எடுப்பவர், வாடகைதாரர், வீட்டுப் பணியாளர் ஆகியோருக்கான சரிபார்ப்பும், தன்னைப் பற்றித் தானே கேட்டு வாங்கும் சரிபார்ப்பும் இருக்கின்றன. தன்னார்வலருக்கென்று தனி வகை கிடையாது. பதிவு செய்யாத சிறு மையத்துக்கு எளிய வழி, வருபவரைத் தன் பெயரில் விண்ணப்பித்து அறிக்கையைக் கொண்டுவரச் சொல்வது. கட்டணத்தை மையமே கொடுத்துவிட வேண்டும். சம்பளமில்லாமல் வருகிறவரிடம் அதையும் கேட்பது சரியில்லை. பாஸ்போர்ட் அலுவலகம் தரும் போலீஸ் சான்று வேறு. அது வெளிநாடு போவோருக்கானது, இதற்குப் பயன்படாது.

அறிக்கையில் தெரியாதவை

சரிபார்ப்பு அறிக்கை நல்லபடியாக வந்தால் ஒரு செய்தி கிடைக்கிறது: தேடிய பதிவேட்டில், தேடிய நாளில், இந்தப் பெயரில் எதுவும் சிக்கவில்லை. அதற்கு மேல் அந்தத் தாள் எதையும் சொல்லவில்லை.

முதலில், புகாரே ஆகாத குற்றங்கள். போக்சோ வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. தெரிந்தவர் என்பதால்தான் பல குடும்பங்கள் பேசாமல் இருந்துவிடுகின்றன. லைனில் சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடு, ஒரே குழாயில் தண்ணீர். பக்கத்து வீட்டுப் பையன் மீது புகார் கொடுத்துவிட்டு மறுநாள் அதே குழாயில் குடத்தை வைக்க வேண்டும். அங்கே பேசித் தீர்த்ததாக முடிந்த விஷயம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

இரண்டாவது, முடிவு தெரியாமல் நிற்கும் வழக்குகள். போக்சோ விசாரணையை இயன்றவரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது 35-ஆம் பிரிவு. நடைமுறையில் பல வழக்குகள் அதைத் தாண்டி நீள்கின்றன. தண்டனை பெற்றவர்களை மட்டும் பார்த்தால் இவர்கள் தெரிய மாட்டார்கள். 2018 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய பாலியல் குற்றவாளிகள் தேசியத் தரவுத்தளம் தண்டனை பெற்றவர்களைப் பற்றியது. அதைக் காவல்துறை மட்டுமே பார்க்க முடியும். பள்ளியோ மையமோ நேரடியாகத் தேட முடியாது.

மூன்றாவது, சிறார் வயதில் நடந்தவை. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி, சிறாராக இருந்தபோது செய்த குற்றம் பிற்காலத்தில் தகுதியிழப்பாகக் கூடாது. சில கொடிய குற்றங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு, மற்றவற்றில் உரிய காலத்துக்குப் பின் பதிவையே அழித்துவிட வேண்டும். இது நல்ல சட்டம். பதினைந்து வயதில் தவறிய பையன் இருபத்தைந்தில் திருந்தி வந்து பாடம் எடுக்க வழி வேண்டும். அவர் பழைய கதையைத் தோண்டுவது மையத்தின் வேலையல்ல.

பதிவேட்டுக்கு வெளியே இருக்கும் தகவல் எவ்வளவு முக்கியம் என்பதை இங்கிலாந்து கொடுமையான விலை கொடுத்துக் கற்றது. 2002 ஆகஸ்டில் சோஹம் என்ற ஊரில் இரண்டு சிறுமிகளைக் கொன்றவர் அங்கிருந்த ஒரு பள்ளியின் பராமரிப்பாளர். வேறொரு பகுதியில் இருந்தபோது அவர் மீது பல பாலியல் புகார்கள் வந்திருந்தன, தண்டனை ஆகவில்லை. ஒரு காவல்துறையிடம் இருந்த தகவல் வேலை கொடுத்தவரை எட்டவே இல்லை. 2004-இல் வந்த விசாரணை அறிக்கைக்குப் பிறகு அங்கே முறையே மாறியது. இப்போது ஒரே அரசு அமைப்பு நாடு முழுவதும் சரிபார்க்கிறது, தேவைப்படும் பணிகளுக்குத் தண்டனை அல்லாத போலீஸ் தகவலையும் சேர்த்துத் தருகிறது, தன்னார்வலரிடம் அரசுக் கட்டணம் வாங்குவதில்லை. நம்மிடம் அப்படி ஒரே இடம் இன்னும் இல்லை. கூடலூரின் மூன்று சாலைகளை நினைத்தால் அதன் தேவை புரியும்.

வழக்கு இருக்கிறது என்று வந்தால்

இந்த இடத்தில் மையங்கள் அவசரப்பட்டு நல்ல ஆட்களை இழக்கின்றன. “கேஸ் இருக்காம்” என்ற ஒரு சொல்லோடு கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

மலையில் வழக்கு எப்படி வருகிறது என்று பாருங்கள். யானை மிதித்து ஒருவர் இறந்த அன்று சாலையில் உட்கார்ந்தவர்கள் மீது மறியல் வழக்கு. காப்புக்காட்டுக்குள் விறகெடுக்கப் போனவர் மீது வனத்துறை வழக்கு. நிலத்துக்காகக் கோஷம் போட்டவர் மீது ஒரு வழக்கு. தோட்டத் தொழிலாளர் வீட்டிலும் பழங்குடி ஊரிலும் துடிப்பாக இருக்கும் இளைஞர்களில் பலருக்கு இப்படி ஏதோ ஒன்று இருக்கும். அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க முன்வருபவர்களும் பெரும்பாலும் அவர்களே. தாளில் ஒரு வரி இருக்கிறது என்று அவர்களைத் தள்ளிவிட்டு, வரி எதுவும் இல்லாத வெளியூர்க்காரரை உள்ளே விடுவது, பாதுகாப்பு என்ற பெயரில் செய்யும் தவறு.

உச்ச நீதிமன்றம் 2016-இல் அவ்தார் சிங் வழக்கில் அரசுப் பணி தொடர்பாகச் சொன்னது இங்கேயும் வழிகாட்டும். இளவயதில் கோஷம் போட்டது போன்ற சிறு விஷயத்தையும் கடுமையான குற்றத்தையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம் என்றது நீதிமன்றம். கொடிய குற்ற வழக்கில் சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரைப் பற்றி வேலை கொடுப்பவர் யோசித்து முடிவெடுக்கலாம் என்றும் சொன்னது. ஆகவே இந்த வரிசையில் பாருங்கள்.

1. குழந்தை மீதான குற்றம், பாலியல் குற்றம், ஆள்கடத்தல்: தண்டனை ஆகியிருந்தால் பேச்சுக்கே இடமில்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தால், முடியும்வரை பிள்ளைகள் பக்கம் வேண்டாம். அவர் குற்றவாளி என்று இதற்குப் பொருளில்லை. பிள்ளையை வைத்துப் பரீட்சை பார்க்க முடியாது என்பதுதான் காரணம்.
2. வன்முறை, போதைப்பொருள்: எத்தனை ஆண்டு முன்பு, என்ன நடந்தது என்று அவரிடமே உட்கார்ந்து கேளுங்கள். ஒருவர் தனியாக முடிவெடுக்காமல், பெற்றோரில் ஒருவரையும் சேர்த்து மூன்று பேராவது முடிவெடுங்கள்.
3. மறியல், விறகு, போக்குவரத்து அபராதம்: பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை.

முன்கூட்டியே அவரே சொன்னாரா, மறைத்தாரா என்பது இரண்டாவது வகையில் பெரிய வேறுபாடு. அதனால் விண்ணப்பத்திலேயே இந்தக் கேள்வியைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

அறிக்கையை மையத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. இது அடிக்கடி நடக்கிறது. ஒருவருடைய ஆதார் எண்ணும் வழக்கு விவரமும் இருநூறு பேர் கைபேசிக்குப் போய்விட்டால் திரும்ப வராது. பூட்டிய அலமாரியில், பொறுப்பாளர் ஒருவரின் கையில் இருக்கட்டும்.

தாளுக்குப் பிறகு

சரிபார்ப்பு ஒருவரின் நேற்றைப் பார்க்கிறது. இன்று மாலை ஆறு மணிக்கு அந்த அறையில் நடப்பதை மையத்தின் ஒழுங்குதான் பார்க்க முடியும். இதற்குப் பணம் தேவையில்லை.

1. எந்த நேரமும் இரண்டு பெரியவர்கள். ஒருவர் வராவிட்டால் அன்று வகுப்பு திண்ணையில், எல்லார் கண்ணிலும் படும்படி.
2. கதவும் சன்னலும் திறந்தே இருக்க வேண்டும். குளிருக்குக் கதவைச் சாத்துவது மலையில் பழக்கம். பனி இறங்கும் மாதங்களில் இதைக் கடைப்பிடிப்பது கடினம் என்று தெரியும். சாத்தித்தான் ஆக வேண்டுமென்றால் கண்ணாடி வைத்த கதவு வேண்டும், திரைச்சீலை வேண்டாம்.
3. இருட்டில் பிள்ளையை வீட்டில் விடத் தன்னார்வலர் தனியாகப் போகக் கூடாது. சிறுத்தை, கரடி, காட்டெருமை நடமாடும் வழிகளில் துணைக்கு ஆள் வேண்டும் என்பது உண்மைதான். அந்தத் துணைக்கு லைனிலிருந்து முறை வைத்துப் பெற்றோரே வரட்டும்.
4. பிள்ளைகளோடு தனிப்பட்ட கைபேசி உரையாடல் கூடாது. செய்தி எதுவானாலும் பெற்றோர் எண்ணுக்கு.
5. வருகைப் பதிவேட்டில் பிள்ளைகள் பெயரோடு, அன்று வந்த பெரியவர்கள் பெயரும், வந்த நேரமும் போன நேரமும் எழுத வேண்டும்.
6. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் எழுதுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை நிமிராமல் படிக்கும் உயரத்தில்.

ஏதாவது தெரியவந்தால் என்ன செய்வது என்பதில் குழப்பம் வேண்டாம். போக்சோ 19-ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்தது என்று அறிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் காவல்துறையிடம் சொல்லியாக வேண்டும். நல்லெண்ணத்தில் சொன்னவர் மீது வழக்கு எதுவும் வராது என்று அதே பிரிவு காக்கிறது. சொல்லாமல் விட்டால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். ஊர்க் கூட்டத்தில் பேசி முடிக்கலாம் என்று யாராவது சொன்னால், இந்த இரண்டு பிரிவுகளையும் அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

அறிக்கை வரும்வரை

விண்ணப்பித்து அறிக்கை வரச் சில வாரம் ஆகலாம். வெளி மாநிலமும் சேர்ந்தால் இன்னும் நீளும். அதுவரை ஆர்வத்தோடு வந்தவரைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. நூலகத்துக்குப் புத்தகம் அட்டை போடலாம், பாடத்தாள் தயாரிக்கலாம், சூரிய விளக்கைப் பழுது பார்க்கலாம், பெற்றோர் கூட்டத்தில் வந்து தன்னை அறிமுகம் செய்துகொள்ளலாம். வகுப்பில் உட்கார விரும்பினால், சரிபார்ப்பு முடிந்த ஒருவர் பொறுப்பில் இருக்கும்போது உடன் இருக்கலாம், தனிக் குழு எடுக்கக் கூடாது.

இரண்டு பரிந்துரைகளும் இந்தக் காலத்திலேயே வாங்கிவிட வேண்டும். நண்பரோ உறவினரோ தரும் கடிதம் உதவாது. முன்பு அவர் பிள்ளைகளோடு வேலை செய்த இடத்திலிருந்து ஒருவர் வேண்டும். அவரை நேரில் அழைத்து ஒரே கேள்வி கேளுங்கள்: “உங்கள் பிள்ளையை இவர் வகுப்புக்கு மறுபடியும் அனுப்புவீர்களா?” பதிலோடு, பதில் வர எடுத்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். விதி சரிபார்ப்பைக் கால இடைவெளியில் திரும்பச் செய்யச் சொல்கிறதே தவிர எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்று எண் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஜூனில் பள்ளி திறக்கும்போது என்று மையமே தேதி வைத்துக்கொள்ளலாம். ஆறு மாதம் வராமல் இருந்து திரும்பி வருபவருக்கு அந்தத் தேதி வரை காத்திராமல் உடனே செய்ய வேண்டும்.